பதினைந்தாவது தாள்

இன்னும் பதினோரு பேர் இருக்கிறார்கள். பன்னிரண்டாகவும் இருக்கலாம், அந்தப் பச்சைச் சட்டைக்காரர் முறைக்காக உட்கார்ந்திருக்கிறாரா மின்விசிறிக்காக உட்கார்ந்திருக்கிறாரா என்று தெரியவில்லை, கேட்டால் சண்டைக்கு வருவார் போல முகம், தாலுகா ஆபீசுக்கு வருகிற எல்லாருக்கும் வாசலிலேயே இந்த முகம் வந்துவிடுகிறது, எனக்கும் வந்திருக்கும். ஒருத்தர் எழுந்து உள்ளே போனால் பெஞ்சில் இருக்கிற அத்தனை பேரும் ஓர் ஆள் இடம் நகர வேண்டும், முன்னால் இருந்தவரின் உடம்புச் சூடு பெஞ்சில் அப்படியே இருக்கும், அதில் போய் உட்கார வேண்டும். மடியில் மஞ்சள் பை. பைக்குள் பிளாஸ்டிக் ஃபைல். ஃபைலுக்குள் சாதிச் சான்று, வருமானச் சான்று, இருப்பிடச் சான்று, சுபியின் பத்தாவது, பதினொன்றாவது, பன்னிரண்டாவது மதிப்பெண் பட்டியல், எல்லாவற்றிலும் மூன்று மூன்று நகல். பதினோரு வருஷமாக ஜெராக்ஸ் கடையில் நிற்கிறவளுக்கு நகலுக்கு என்ன பஞ்சம். ஒன்றே ஒன்றுக்குத்தான் நகல் எடுக்கவில்லை. அது என்னுடையது, பதினைந்தாவது தாளின் மதிப்பெண் பட்டியல், ஃபைலின் அடியில், அட்டைக்கும் உறைக்கும் நடுவில் கிடக்கிறது. அதை வெளியே எடுக்காமலே இன்றைக்குக் காரியம் முடிந்துவிடும் என்று காலையில் இட்லி அவித்ததிலிருந்து எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். முடியாது என்றும் தெரிகிறது. கிராம நிர்வாக அதிகாரி எழுதி அனுப்பியதே அதைப் பற்றித்தான்: தாயார் பி.ஏ. படித்ததாக அக்கம்பக்கத்தில் தெரியவருகிறது, முடித்தாரா என விசாரிக்கவும். அக்கம்பக்கம் என்றால் வேறு யார், எதிர்வீட்டு மகேஸ்வரிதான், அவள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தால் மழை பெய்யாது. முதல் பட்டதாரிச் சான்றிதழ் கேட்டுச் சுபி பெயரில் விண்ணப்பம் போட்டோம். குடும்பத்தில் இதுவரை ஒருத்தரும் டிகிரி வாங்கவில்லை, இந்தப் பிள்ளைதான் முதல் என்று தாசில்தார் எழுதிக் கொடுக்கிற காகிதம் அது. அது இருந்தால் இன்ஜினியரிங் கவுன்சிலிங்கில் கிடைக்கிற சீட்டுக்குக் கல்விக் கட்டணத்தை அரசாங்கம் குறைத்துவிடும், அது இல்லாவிட்டால் எங்கள் மாதிரி ஆட்கள் தனியார் கல்லூரி வாசலில் செருப்பைக்கூடக் கழற்ற வேண்டாம். வீட்டில் பட்டதாரி யாரும் இல்லை என்று நான் இன்றைக்குக் கையெழுத்துப் போட வேண்டும். பொய் இல்லை. அதுதான் வேடிக்கை, பொய்யே இல்லை.

சுபி வெளியே இருக்கிறாள், ஜன்னல் வழியாகத் தெரிகிறாள். வளாகத்தின் ஓரத்தில் மணலும் ஜல்லியும் கடத்திப் பிடிபட்ட லாரிகள் துருப்பிடித்து நிற்கின்றன, டயரெல்லாம் மண்ணுக்குள் இறங்கி, ஒன்றில் இருந்த ஜல்லியின் மேல் எருக்கஞ்செடியே முளைத்துவிட்டது. அங்கேதான் குனிந்து எதையோ பொறுக்கிக்கொண்டிருக்கிறாள். பதினேழு வயதுப் பெண், துப்பட்டா மண்ணில் புரளுகிறது, போகிறவன் வருகிறவன் எல்லாம் பார்க்கிறான், அவளுக்கு ஒரு கவலையும் கிடையாது. கட் ஆஃப் நூற்று எழுபத்தொன்றரை. பக்கத்து ஊர்க் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் நிச்சயம், போன வருஷம் நூற்று அறுபத்தெட்டுக்கே கிடைத்திருக்கிறது, கடைக்கு வந்த பிள்ளைகளிடம் கேட்டு ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். கல்லூரிகளை வரிசைப்படுத்திப் பதிவதற்கு நாளைச் சாயங்காலம் ஐந்து மணியோடு முடிகிறது. இந்த நிமிஷம் வரை அவள் ஒரு கல்லூரியைக்கூடப் பதியவில்லை. அவளுக்கு ஜியாலஜி படிக்க வேண்டுமாம். பி.எஸ்சி. ஜியாலஜி, அரசு கலைக் கல்லூரியில், மூன்று மணி நேரம் பஸ்ஸில் போக வேண்டிய ஊரில், திங்கட்கிழமை பத்து மணிக்கு அசல் சான்றிதழ்களோடு வரச் சொல்லி மெசேஜ் வந்துவிட்டது. கல்லைப் படிக்க ஒரு காலேஜா என்று கேட்டேன். "உனக்கு ஃபைலு பிடிக்கும், எனக்குக் கல்லு பிடிக்கும், விடும்மா" என்றாள். பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லுன்னு சும்மாவாடி சொன்னாங்க என்றேன். "பாத்தியா, நீயே ஜியாலஜிதான் படிக்கச் சொல்ற" என்று சிரித்தாள். எதற்கெடுத்தாலும் பதில் வைத்திருப்பாள், கத்தரிக்காயைக் குறுக்கே வெட்டுவதா நெடுக்கே வெட்டுவதா என்பதில்கூட என்னோடு அரை மணி நேரம் வாதாடுவாள். அவள் அப்பா தங்கப்பாண்டி ஒரு பக்கம், தண்ணீர் கேன் வண்டி ஓட்டுகிற மனுஷன், "கல்லோ மண்ணோ, அவ இஷ்டம்டி, கிரானைட் கம்பெனில வேலை கெடைக்கும்ல" என்று முடித்துவிட்டார், அவருக்கு எல்லாம் முடிந்த விஷயம்தான், எங்களை வாசலில் இறக்கிவிட்டு கேன் போடப் போய்விட்டார். கலைக் கல்லூரியில் கட்டணம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. இந்தச் சான்றிதழுக்கும் அங்கே ஒரு வேலையும் கிடையாது. அவள் இன்றைக்கு வந்ததே என் வாயை அடைக்கத்தான், "வாங்கி ஃபைல்ல வச்சுக்கோ, ஆனா கவுன்சிலிங் போறேன்னு நான் சொல்லல" என்று வண்டியில் ஏறும்போதே சொல்லிவிட்டாள். சரி, அவள் கல்லுக்குப் போகட்டும். போனால் என் பதினைந்தாவது தாள் எதற்கு? இந்த இடத்தில்தான் ஒவ்வொரு தடவையும் வந்து நிற்கிறேன், முள்வேலியில் சேலை மாட்டிக்கொண்ட மாதிரி, எடுத்தால் கிழியும், எடுக்காவிட்டால் அங்கேயே நிற்க வேண்டும்.

நகர வேண்டியிருக்கிறது. ஒரு கிழவர் உள்ளே போனார், பட்டா மாறுதலாக இருக்கும், லேசில் வெளியே வர மாட்டார். எல்லாவற்றையும் முன்கூட்டியே யோசித்தவள் நான். சுபி ஆறாவது படிக்கும்போதே இந்த ஃபைலை வாங்கிவிட்டேன். எட்டாவதில் மத்திய அரசின் உதவித்தொகைத் தேர்வு எழுத வைத்தேன், இரண்டு மார்க்கில் போனது, அன்றைக்கு அவள் ஐஸ்கிரீம் தின்றாள், நான் சாப்பிடவில்லை. பத்தாவது முடித்ததும் கம்ப்யூட்டர் குரூப்பில் சேர்த்தேன். அரசுப் பள்ளியில் ஆறிலிருந்து படித்திருந்தால் ஏழரை சதவீத ஒதுக்கீட்டில் எல்லாமே இலவசமாகப் போயிருக்கும், ஆனால் நல்ல பள்ளிக்கூடம் என்று தேடிப்போய் கான்வென்ட் எய்டட் பள்ளியில் சேர்த்ததும் நான்தான், அந்த ஒதுக்கீடு அப்போது யார் கனவிலும் கிடையாது. முன்யோசனைக்காரிக்கு முன்னால் விதி ஒரு பஸ் பிடித்துப் போய்விடுகிறது. கடையில் மதிப்பெண் பட்டியலைக் கண்ணாடியில் கவிழ்த்துப் போடும் ஒரு நொடி போதும் எனக்கு, அந்தப் பிள்ளையின் ஜாதகமே தெரிந்துவிடும், எந்தப் பாடத்தில் அழுதது, எந்த வாத்தியார் சரியில்லை, எல்லாம். முப்பத்தைந்து பார்த்திருக்கிறேன், தள்ளிவிட்ட முப்பத்தைந்து. பதினேழு, ஒன்பது, நான்கு எல்லாம் பார்த்திருக்கிறேன். வராதவனுக்கு ஆப்சென்ட் என்று போடுவார்கள். வந்து உட்கார்ந்து சைபர் வாங்கினவனைப் பார்த்ததே இல்லை. கேள்வித்தாளைத் திருப்பி எழுதி வைத்தாலே பாவப்பட்டு ஐந்தாறு போடுவார்கள். சைபர் வாங்க வேண்டுமென்றால் பேனாவைத் தாளில் வைக்கவே கூடாது.

அஞ்சல் வழியில் பி.ஏ. வரலாறு. பன்னிரண்டாவது முடித்த கையோடு கல்யாணம் பண்ணி வைத்துவிட்டார்கள், சுபி மூன்றாவது போனபோதுதான் தைரியம் வந்தது. பாடக்கட்டு தபாலில் வரும், பச்சை அட்டை, படிக்கிறவனைப் பழிவாங்குகிற மாதிரிப் பொடி எழுத்து. கடையில் கூட்டம் இல்லாத மதியத்தில் இயந்திரத்தின் மேல் விரித்து வைத்துக்கொண்டு படிப்பேன், இயந்திரத்தின் சூட்டில் தாள் இளஞ்சூடாக இருக்கும், சோழர் நில வரியெல்லாம் எனக்கு அந்தச் சூட்டோடுதான் நினைவிருக்கிறது. ஒரு வருஷம் பரீட்சைக் கட்டணம் கட்டாமல் தள்ளிப்போனது, ஒரு வருஷம் மாமியார் படுக்கையில். இருந்தாலும் பதினாலு தாள், பதினாலும் முதல் முயற்சியில் பாஸ். தங்கப்பாண்டி கேலி பண்ணுவார், "பேரரசி வந்துட்டாக, எந்திரிச்சு நில்லுங்கப்பா" என்பார், ஆனால் ஒவ்வொரு பரீட்சைக்கும் அவர்தான் வண்டியில் கொண்டுபோய் விட்டார், அதையும் சொல்ல வேண்டும். கடைசித் தாள் ஐரோப்பிய வரலாறு. அதற்கு நாலு நாள் முன்னால் ஜெஸிந்தா டீச்சர் கடைக்கு வந்தார், சுபி பள்ளிக்கூடத்தில் பிளஸ் டூ வகுப்பாசிரியை, அந்த வருஷத்துப் பிள்ளைகளின் முதல் பட்டதாரி விண்ணப்பங்களை ஒரு கட்டாக நகல் எடுக்கக் கொண்டுவந்திருந்தார். பச்சை அட்டையைப் பார்த்தார். "என்ன இந்திராணி, இதான் கடைசியா? ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டியே? நீ டிகிரி முடிச்சுட்டா சுபிக்கு நாளைக்கு இது கெடைக்காதேம்மா, யோசிச்சுக்க." அவ்வளவுதான். நகலை வாங்கி நுனியைத் தட்டி அடுக்கிக்கொண்டு, வெயிலில் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். மறுநாள் வந்தபோது அதைப் பற்றிப் பேச்சே இல்லை. சொன்னவருக்கு நினைவுகூட இருந்திருக்காது. கேட்டவள் ஆறு வருஷமாகச் சுமக்கிறேன். சுபி அப்போது ஏழாவது. அவள் காலேஜில் சேரட்டும், சான்றிதழ் கைக்கு வரட்டும், அப்புறம் அந்த ஒரு தாளை எழுதிக்கொண்டால் போச்சு, இப்படித்தான் யோசித்தேன். அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதைதான். நடுவில் பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்தது, தங்களுக்கான கால வரம்பு முடிந்துவிட்டது, வேண்டுமானால் முதலிலிருந்து பதிவு செய்துகொள்ளலாம். முதலிலிருந்து. பதினாலு தாளையும்.

ஆக, தெரிந்திருந்தும் எழுதவில்லை. பிள்ளைக்காக எழுதவில்லை. மூன்று மணி நேரம் விடைத்தாளை முன்னால் வைத்துக்கொண்டு, பதிவெண்ணை மட்டும் எழுதிவிட்டு, சும்மா உட்கார்ந்திருந்தேன். மேற்பார்வைக்கு ஒரு சின்ன வயசு வாத்தியார், இரண்டு தடவை பக்கத்தில் வந்து, "எழுதலையாக்கா?" என்று கேட்டார். "எழுதுறேன் சார்." எழுதவில்லை. இதை எனக்கு நானே எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன், பாத்திரம் கழுவும்போது, பஸ்ஸில், இயந்திரத்தின் வெளிச்சம் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் ஓடும்போது. சொல்லிச் சொல்லி அது வழவழவென்று ஆகிவிட்டது. ஆனால் முதல் கேள்வி என்ன? பிரெஞ்சுப் புரட்சிக்கான காரணங்களை விவரி. அது வந்திருந்தால் தூக்கத்தில் எழுப்பினாலும் எழுதுவேன், இப்போதுகூடச் சொல்வேன், சமூகக் காரணங்கள், பொருளாதாரக் காரணங்கள், தத்துவ அறிஞர்களின் பங்கு. வந்திருந்ததா? வந்திருந்தது. கேள்வித்தாளின் மேல் வரியிலேயே இருந்தது, என் கண்ணில் நிற்கிறது. இல்லை, அது முந்தின வருஷத்துக் கேள்வித்தாள், கடைக்கு வந்த பையன் ஒருத்தனுக்கு நகல் எடுத்துக் கொடுத்தது. என்னுடையதில் வியன்னா மாநாடு வந்திருந்தது. கிரிமியப் போர். பிஸ்மார்க் பற்றி ஏதோ ஒன்று, மனுஷன் எந்த நாடு என்பதே அப்போது ஒரு நிமிஷம் மறந்துபோனது. இல்லை, அது பதற்றம், எல்லாருக்கும் வருவதுதான். கேள்வித்தாளை வைத்திருந்தால் பார்த்திருக்கலாம், திரும்பி வரும்போது கிழித்து ரோட்டில் போட்டுவிட்டேன். ஏன் கிழித்தேன்? அந்த மாசம் உள்ளாட்சித் தேர்தல், வேட்புமனுவுக்கு நகல் எடுக்க வந்த கூட்டம் கடையைப் பிய்த்துவிட்டது, வார்டு கவுன்சிலருக்கு நிற்கிறவன் எல்லாம் தன் ஆதாரை இருபது நகல் எடுத்தான், வீட்டுக்கு வந்தால் உட்கார்ந்தபடியே தூங்கினேன். கொரோனாவில் பழைய பேப்பர்க்காரனுக்கு அந்தப் பச்சைக் கட்டுகளைப் போடும்போது கடைசிக் கட்டைப் புரட்டிப் பார்த்தேன். நான் படித்த பக்கமெல்லாம் பென்சிலால் கோடு போடுவேன், மற்ற பதினாலு கட்டிலும் கோடு இல்லாத பக்கமே கிடையாது. இதில் பாதிக்கு மேல் ஒரு கோடுகூட இல்லை. வெள்ளை வெளேரென்று இருந்தது. சட்டென்று மூடி எடைத் தட்டில் வைத்துவிட்டேன், அவன் என்ன எடை சொன்னான் என்றுகூடக் கேட்கவில்லை. அப்படியானால்? அப்படியானால் ஜெஸிந்தா டீச்சர் சொன்னது எனக்கு வழியில் கிடைத்த நிழலா, வெயில் தாங்காமல் போய் ஒதுங்கிக்கொண்டேனா? எழுதினால் பெயிலாவேன் என்று தெரிந்தவள், எழுதாமல் தியாகியாகிவிட்டாளா? இல்லை. நாலு கேள்வியாவது தெரிந்திருக்கும். பாஸ் மார்க் எடுக்க அது போதும். போதுமா?

பயமாக இருக்கிறது. சுபி அந்தச் சைபரைப் பார்த்துவிடுவாள் என்று பயம், பார்க்காமலே போய்விடுவாளோ என்றும் பயம், இரண்டும் ஒரே வயிற்றில். ரிசல்ட் வந்தபோது வீட்டில் பெயில் என்று மட்டும்தான் சொன்னேன். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைஞ்ச கதையாயிருச்சே என்று தங்கப்பாண்டி ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார், அவருக்கு நிஜமாகவே வருத்தம். உண்மையைச் சொன்னால் டீக்கடையில் உளறிவிடுவார், அங்கிருந்து கிராம அதிகாரி காதுக்கு எவ்வளவு தூரம். ஒன்பதாவதில் சுபி கணக்கில் மட்டமாக மார்க் வாங்கி வந்தாள், கையை ஓங்கிவிட்டேன், அவள் நகராமல் நின்று, "நீயே பெயிலு. நீ என்னையச் சொல்றியா?" என்றாள். அடிக்கவில்லை. அடுப்படிக்குப் போய் அரிசி களைந்தேன். ஒருநாள் உனக்குத் தெரியும்டி, தெரியும்போது நீ அழுவ. இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டுதான் அன்றைக்கு உலை வைத்தேன். அதன் பிறகு அந்தக் காட்சியை எத்தனை தடவை ஓட்டிப் பார்த்திருப்பேன், காலேஜ் முதல் நாள், கழுத்தில் அடையாள அட்டை, நான் போகிற போக்கில் சொல்கிற மாதிரிச் சொல்வேன், அவள் அம்மா என்று என் தோளில் விழுந்து அழுவாள். சினிமாவில் அழுகிற மாதிரி. அந்த அழுகைக்காகத்தான் காத்திருக்கிறேனா, சான்றிதழுக்காகவா? ச்சீ, இதெல்லாம் என்ன யோசனை, வெயில் தலைக்கேறிவிட்டது.

"இன்னும் எத்தனை பேரும்மா?" சுபி வந்து பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். கையெல்லாம் மண். நாலு பேர் என்றேன். "இந்த ஜல்லி எல்லாமே சார்னோக்கைட்டுங்கற பாறைம்மா. எத்தனையோ கோடி வருசம் பழசு. லாரில ஏத்தி, சீல் வச்சு, மேல எருக்கு மொளைக்க விட்டுருக்காங்க, பாவம்." கல்லுக்குப் பாவம் பார்க்கிறாள். போனை எடுத்துக் காட்டினாள், ஹாஸ்டலில் இடம் இருக்கிறதாம், முதல் பஸ் விடியற்காலை ஐந்தே காலுக்காம், "நீயும் வாம்மா திங்கக்கெழமை, கடைக்கு லீவு போடு, நம்ம ரெண்டு பேரும் ஊரு சுத்திப் பாத்துட்டு வரலாம்" என்றாள். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம், எங்கள் கல்யாண ஃபோட்டோவில் எனக்குக்கூட அப்படி இல்லை. நன்றாகத்தான் இருக்கிறது பார்க்க. போகட்டும் என்றுகூட ஒரு கணம் தோன்றியது, நிஜமாகவே தோன்றியது, அதைச் சொல்லிவிட வேண்டும். அடுத்த கணம் மறுபடி அந்த முள்வேலி. தண்ணீர் வாங்கிட்டு வாடி என்றேன், உள்ளே கூப்பிடும்போது இவள் பக்கத்தில் இருக்கக் கூடாது. பாட்டிலைத் தூக்கிக் காட்டினாள், நிறைய இருந்தது. அப்பாவுக்கு போன் பண்ணு என்றேன். "அப்பா வண்டி ஓட்டிட்டு இருக்கும்." பச்சைச் சட்டைக்காரர் முறைக்காகத்தான் உட்கார்ந்திருந்திருக்கிறார், எழுந்து போனார், உடனே வெளியே வந்தார், என்ன கேட்டார்களோ. "சுபிக்ஷா, த.பெ. தங்கப்பாண்டி!" கால் மரத்துப்போய் எழுந்திருக்கவே முடியவில்லை, சுபிதான் கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டாள். பையையும் அவளே வாங்கிக்கொண்டாள்.

துணைத் தாசில்தார் ஒரு சின்ன வயசு அம்மா, மூக்குக்கண்ணாடி, மேசையில் பாதி சாப்பிட்ட பிஸ்கட் பாக்கெட். நல்ல மாதிரியாகத்தான் பேசினார். உட்காரச் சொன்னார்.

"பி.ஏ. படிச்சீங்களாம்மா?"

"படிச்சேன் மேடம். முடிக்கல."

"எத்தனை அரியர்?"

"ஒண்ணு."

"அடடா, ஒண்ணுதானா. மார்க் ஷீட் எல்லாம் கொண்டு வந்திருக்கீங்களா?"

கொடுத்தேன். முதல் வருஷம், இரண்டாம் வருஷம், மூன்றாம் வருஷத்தில் நாலு தாள். ஒவ்வொன்றாகப் புரட்டினார், விரலால் எண்ணினார். "பதினாலு பாஸ். அந்தப் பதினஞ்சாவது எங்கம்மா? அதை அப்புறமா எழுதி முடிச்சிட்டு மறைக்கிறீங்களோன்னு மேல கேப்பாங்க. நான் என்ன பதில் சொல்றது?"

தொலைந்துபோச்சு என்று சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். தொலைந்திருந்தால் சான்றிதழும் தொலைந்தது. திறந்த வாயை மூடினேன். அதற்குள் சுபி ஃபைலைத் தலைகீழாகப் பிடித்து உதறி, அட்டைக்குள் விரலை விட்டு, "இங்க இருக்கு மேடம், உள்ள மாட்டிக்கிச்சு" என்று உருவினாள். உருவியவள் கொடுப்பதற்கு முன்னால் பார்த்தாள். மதிப்பெண் பட்டியலைப் பார்க்க அவளுக்கும் ஒரு நொடி போதும், என் பிள்ளைதானே. மேடம் கை நீட்டிக்கொண்டே இருந்தார். கொடுத்தாள்.

"ம், பெயில்தான். போதும்." மேடம் கணினியில் ஏதோ தட்டினார். பிறகு நிமிர்ந்து சிரித்தார், மனசில் ஒன்றும் வைத்துக்கொண்டு அல்ல. "நல்லவேளை பெயிலானீங்கம்மா. பாஸாயிருந்தா பொண்ணுக்கு இது கெடைச்சிருக்காது." உறுதிமொழியைத் தள்ளினார். என் குடும்பத்தில் பட்டதாரி எவரும் இல்லை என உறுதி கூறுகிறேன். கையெழுத்துப் போட்டேன். அழகான கையெழுத்து என்று பாராட்டினார். மூன்று மணிக்குள் ஆன்லைனில் ஏறிவிடும், போகலாம் என்றார்.

வெளியே நடையில் வந்து சுவரோரம் நின்றோம். சுபி அந்தத் தாளை மட்டும் ஃபைலில் வைக்காமல் கையில் பிடித்திருந்தாள்.

"அறுபத்திரெண்டு, எழுபத்தொண்ணு, அம்பத்தெட்டு, அறுபத்தேழு..." மேசையில் பார்த்த மற்ற தாள்களின் மார்க்கை மெதுவாகச் சொன்னாள். "இது எப்பிடிம்மா சைபரு?"

நான் பையின் காதை முடிச்சுப் போட்டேன்.

"நீ போனேல்ல. அப்பாதான வண்டியில கொண்டு விட்டாரு. எனக்கு ஞாபகம் இருக்கு, நான் பின்னாடி உக்காந்து வந்தேன். ஒண்ணுமே எழுதலையா?"

"எழுதல."

"ஏன்?"

அவள் உள்ளே திரும்பிப் பார்த்தாள், அந்த அறையை, மேசையை, மேடத்தை. ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டிருந்தாள். சேர்ந்துவிட்டது, முகத்தில் தெரிந்தது.

"இந்தச் சர்டிபிகேட்டுக்காகவா? எனக்காகவா?"

அவள் அழவில்லை. நான் ஆறு வருஷமாக ஓட்டிப் பார்த்த முகம் அது இல்லை. பயந்துபோய் இருந்தாள், சின்னதில் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டுப் பின்வாங்குவாளே, அந்தப் பயம். "நான் கேக்கவே இல்லையேம்மா" என்றாள். ஒரு வாக்கியம் போதும் எனக்கு. அந்தத் தடவை நான் படிக்கலடி, பாதிக் கட்டு திறக்கவே இல்ல, அசதி, கேள்வியைப் பார்த்ததும் கையே ஓடல, எழுதியிருந்தாலும் பெயில்தான். சொன்னால் சிரித்துவிடுவாள், லூசு அம்மா என்று இடித்துவிட்டு, திங்கட்கிழமை ஐந்தே கால் பஸ்ஸில் ஏறிப் போய்விடுவாள். அவள் எதிரில் நான் மறுபடி வெறும் பெயிலானவள். வாக்கியம் நாக்கு நுனி வரை வந்தது, உண்மையும் அதுவாகத்தான் இருக்க வேண்டும், அந்த நடையில் நின்றபோது எனக்கு அது கிட்டத்தட்ட நிச்சயமாகவே தெரிந்தது. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் பிள்ளை என்னை அப்படிப் பார்த்ததே இல்லை.

"ஆமா" என்றேன்.

தாளை நாலாக மடிக்கப்போனவள், மடிக்காமல், இரண்டு கையாலும் ஃபைலுக்குள் வைத்தாள். படிக்கட்டில் போய் உட்கார்ந்தாள். நானும் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். சாப்பிடலாமா என்று கேட்டேன், வேண்டாம் என்று தலையாட்டினாள். பிறகு துப்பட்டாவில் கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள், கவுன்சிலிங் பக்கத்தைத் திறந்தாள்.

"மொதல்ல எந்த காலேஜ் போடணும்? சொல்லு."

கடை நோட்டில் இருந்ததெல்லாம் எனக்கு மனப்பாடம். சொல்லிக்கொண்டே போனேன், அவள் பதிந்துகொண்டே வந்தாள். மொத்தம் நாற்பத்து மூன்று கல்லூரி. ஒன்றைக்கூட அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை.